தக்காளிக்கு முட்டுக் கொடுக்காத துப்பாக்கி

ஒஹையோ
அக்டோபர் 12, ஞாயிறு

அன்பு மச்சான் வெர்ஜிலுக்கு, உன் தங்கை புருஷன் ஹார்லன் எழுதிக்கொண்டது. நானும் லோர்னாவும் நலம். டாக்டர் மாட்டிவிட்ட உன் புது முழங்காலும் முறையாக மடங்கி நிமிர வேண்டுகிறோம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் இங்கே சாப்பிட்ட கோழியில் லாரி வாடை அடிக்கிறது என்றாயே, லோர்னாகூட உன் மூக்கைத் திட்டினாளே, உன் மூக்கு சரிதான். முந்தின நாள் என் கேரண்ட் துப்பாக்கியின் மரக்கட்டையை அதே அடுப்பில் வைத்துச் சுட்டேன். ராணுவக் கிடங்கில் பூசிய கிரீஸ் சூடு பட்டால்தான் மரத்தை விட்டு இறங்குகிறது.

அந்தக் கேரண்டைப் பார்த்துத்தானே, "இதைத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுடா, வேற எதுக்கும் ஆகாது"ன்னு நீ சிரித்தாய்? நம் பந்தயப்படி, கிளப்பின் பழைய ராணுவத் துப்பாக்கிப் போட்டியில் நீ போன வருஷம் எடுத்த நூற்று எண்பத்தேழு புள்ளியை நான் தாண்டாவிட்டால் அது உன் தோட்டத்தில் நடப்படும். தாண்டினால், நன்றித் திருநாளில் வான்கோழியை வெட்டுமுன் நீ எழுந்து நின்று "ஹார்லன் என்னைவிட நல்லா சுடுவான்" என்று சொல்ல வேண்டும். லோர்னா சாட்சி.

நேற்றுப் போட்டி, பக்கத்தில் நம் கிளப் கிளேட்டன், தன் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியைக் கொண்டுவந்தவன் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, "ஹார்லன், என் குறி அட்டை எதுப்பா?" என்று கேட்க, "உனக்கு எதிர்ல இருக்கிறதுதான், மாமனார் வீட்டையா சுடப்போறே?" என்று நான் சொல்ல, அந்தச் சிரிப்போடேயே சுட ஆரம்பித்தேன் மச்சான், இருபது குண்டும் பூப்போலப் போய் விழுந்தது, கடைசிக் குண்டோடு வெளியே துள்ளிய, குண்டுகளைக் கோத்திருந்த இரும்புப் பட்டை 'டிங்' என்று கிளேட்டனின் காபிக்குள் குதித்தது, கணக்கெடுக்கிற வாண்டா அட்டையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தி மூணு! வெர்ஜிலுக்கு யாரு சொல்றது?"

"நானே சொல்றேன். தபால்ல வந்தாத்தான் அவன் சுவத்துல மாட்டி வைக்கலாம்."

குண்டு திணிக்கும்போது ஒரு கேரண்டின் மூடிக்குள் விரலைக் கொடுத்து நசுக்கிக்கொண்டு, 'கறுத்தநகம்' என்று பன்னிரண்டு வருஷமாக என்னிடம் பேர் வாங்கியவனே, எழுந்து நிற்க இப்போதே பழகு. உன் முழங்காலுக்கும் நல்லது. எல்லோருக்கும் எங்கள் அன்பு, உன் நாய்க்கும் சேர்த்து.

வெற்றி வீரன்
ஹார்லன்

பி.கு. செவ்வாய். இதற்கு மேல் எழுத்து கோணலாக இருக்கும். நேற்று வாண்டா கூப்பிட்டாள். என் அட்டையில் இருபத்தோரு ஓட்டை, கிளேட்டன் அட்டையில் பத்தொன்பது. அவள் இருபத்தொன்றையும் என் கணக்கில் கூட்டிவிட்டாளாம். எது யாருடையது என்று தெரியாததால் போட்டி விதிப்படி எனக்கு ஒரு பத்து கழிந்தது: நூற்று எண்பத்து மூன்று. "இல்லேன்னா மறுபடி சுடலாம்" என்றாள். "இதோ சுடறேன்!" என்று கிளப்புக்குப் போய்க் குண்டைத் திணித்தேன். மூடி விரலோடு மூடிக்கொண்டது. சுடவில்லை. துப்பாக்கி மூன்றரை அடி நீளம், குட்டையான தக்காளிச் செடியாகப் பார். நகம் கறுத்துவிட்டது.