முதுகுக்குப் பின்னால் ஒரு மலை

படைப்பாற்றல் என்றால் என்ன என்று கல்லூரிகளில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். நானும் மாலை போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அரை மணி நேரம் பேசிவிட்டு வருகிறேன். அதே கேள்விக்கு என் மனைவி கஸ்தூரி ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவாள்: "திரும்பிப் பாத்தா போதும்." அவள் சொல்வதுதான் சரி. அது எனக்குப் புரிந்த கதையை மட்டும் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. (சொன்னால் மாலையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பியிருந்தேன். என் சொத்து ஒரு தாடி, ஒரு ஜோல்னாப் பை, அப்புறம் இந்த ஊரில் யாருக்கும் கலை தெரியாது என்கிற அசைக்க முடியாத நம்பிக்கை. கண்ணால் பார்ப்பதை வரைகிறவன் போட்டோக்காரன், அகத்தால் பார்ப்பதை வரைகிறவனே ஓவியன் என்று டீக்கடையில் முழங்குவேன். "சரிங்க, டீ ஆறுது பாருங்க" என்பார் கடைக்காரர்.

அந்தக் கோலத்தில்தான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்குப் பெண் பார்க்கப் போனோம். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால்தான் ருசி.) தலை குனிந்து காபி கொடுத்த பெண், டம்ளரைத் திரும்ப வாங்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"சித்திரம் படிச்சீங்களாமே, எங்க மலைய வரைவீங்களா?"

அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதற்கு முன் என் படிப்பைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. 'இதுல என்னா சம்பளம் வரும்' என்றுதான் கேட்பார்கள். அவளுடைய அப்பாவுக்கும் அந்தச் சந்தேகம்தான். அவர் என் தாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"தம்பி, புது ஊடு கட்டியிருக்கோம். அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். வாசப்பக்கத்து செவுத்துல நம்ம மலைய போட்டுக் குடுங்க. கிரிவலம் வர்ற ஜனம் பாத்துட்டுப் போவட்டும். உங்க தொழிலு இன்னான்னு எங்க சொந்தக்காரங்களுக்கும் தெரிஞ்சிடும். அது நல்லா வந்தா அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்."

ஆக, என் கல்யாணம் ஒரு சுவரில் தொங்கியது.

மறுநாளே சாரம் கட்டி, சுற்றிலும் நாலு வெள்ளை வேட்டிகளைத் திரையாகக் கட்டிக்கொண்டேன். முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். தினமும் டவுனிலிருந்து சைக்கிளில் வருவேன். வழி நெடுக மலை கூடவே வரும். நான் அதைக் கவனித்தால்தானே? என் மனசுக்குள் வேறொரு மலை ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல்தான் வருவேன். (கலைஞன் அதற்கு முன் எழுந்தால் மரியாதை போய்விடும்.) டீ வந்தால் மட்டும் திரையை விட்டு வெளியே வந்து, அந்தத் திரையையே முறைத்துப் பார்த்தபடி குந்திக் குடிப்பேன். மலை எதிர்ப்பக்கம், என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இப்படியே நாலு நாள்.

கிரகப்பிரவேசத்தன்று விடிகாலையில் கோ பூஜை முடிந்தது. சொந்தபந்தம் எல்லாம் வாசலில் கூடியது. என் அப்பாவும் அம்மாவும் தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கோடு தயாராக நின்றார்கள். கஸ்தூரியின் அப்பா வேட்டிகளை இழுத்தார்.

சுவர் முழுக்க ஊதா நிறத்தில் ஒற்றைச் சிகரத்தோடு மலை. அதன் முன்னால் பெரிய கோயிலின் கோபுரங்கள். மலைக்குப் பின்னால் செக்கச்செவேல் என்று சூரியன் இறங்குகிறது. பறவைகள் கூட்டுக்குப் போகின்றன, மாடுகள் வீடு திரும்புகின்றன, ஒரு குடிசையில் விளக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி எதிரே இருந்த மலையைப் பார்த்தார்கள். மறுபடி சுவர். மறுபடி மலை. சொல்லி வைத்த மாதிரி அந்த நேரம் பார்த்துத்தான் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்த்தது.

"இது டவுன் மலைங்க" என்றார் கஸ்தூரியின் பெரியப்பா.

"மலை ஒண்ணுதானுங்களே?" என்றேன்.

"மலை ஒண்ணுதான். டவுன்ல இருந்து பாத்தா இப்படி. எங்க ஊட்ல இருந்து பாத்தா அப்படியா கீது? கோபுரம் எங்க கீது இங்க?"

கஸ்தூரியின் அம்மா அதைவிடப் பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஐயோ, பொழுது சாயுதே! புது ஊட்டு வாசல்ல யாராச்சும் பொழுது சாயறத வரைவாங்களா? டவுனுக்கு மலைக்கு அந்தாண்ட பொழுது எறங்கும். எங்களுக்கு அங்கதாங்க மொளைக்கும்!"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் ஜோல்னாப் பையைச் சரிசெய்துகொண்டு, ஓவியன் கண்ணால் பார்ப்பதை வரைவதில்லை என்று ஆரம்பித்தேன்.

"கண்ணால பாக்கலங்கறது நல்லாத் தெரியுது தம்பி" என்றார் அவள் அப்பா.

வாசலே சிரித்தது. என் அப்பா தட்டை மெதுவாகத் துண்டால் மூடினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை இல்லாத பையனை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடெல்லாம் அந்தத் துண்டில் தெரிந்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து கஸ்தூரியின் குரல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"எம்மா, அவர ஒரு தபா திரும்பிப் பாக்கச் சொல்லு."

திரும்பினேன். பிறந்து வளர்ந்தது அந்த மலையடியில்தான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தோள் தோளாக விரிந்து, ஓரமெல்லாம் பொன்னாக, பாறை இடுக்குகளில் நீல நிழலோடு நின்றது. என் ஊதா மலைக்கு ஊதாவைத் தவிர வேறெதுவுமில்லை. வெட்கத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. வரைய ஆசை வந்தது. மூன்று வருஷம் படித்தும் அப்படி ஓர் ஆசை வந்ததில்லை.

நானே வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையால் என் அஸ்தமனத்தை அடித்து மறைத்தேன். விருந்தாளிகள் அதைப் பார்த்துக்கொண்டே பொங்கல் சாப்பிட்டார்கள். "ஒரு வாரம் டைம் குடுங்க" என்று கேட்டேன். கஸ்தூரியின் அப்பா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, மலையைப் பார்க்கிற மாதிரி போட்டார். அடுத்த வாரம் தட்டு மாற்றினார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் கண்ணாடியைத் தேடினாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், மகன் முதல் பேத்தி வரை ஒரே கேள்விதான்: "திரும்பிப் பாத்தியா?"

போன மாதம் ஒரு கல்லூரிக்குப் பேசப் புறப்பட்டபோது கஸ்தூரியிடம் கேட்டேன், இந்தக் கதையை இந்த முறையாவது சொல்லிவிடட்டுமா என்று.

"சொல்லுங்க. ஆனா மலைய மட்டும் சொல்லாதீங்க."

"வேற இன்னா இருக்குது?"

"நாலு நாளும் உங்க டீ டயத்துக்கு, பட்டுப் பாவாட கட்டிக்னு, தல நெறைய கனகாம்பரம் வெச்சிக்னு, தண்ணிக் கொடத்த தூக்கிக்னு உங்க முதுகுக்குப் பின்னாலதான் போனேன், வந்தேன். ஊட்ல தண்ணி வைக்க எடமே இல்ல. நீங்க அந்த வேட்டியவே பாத்துக்னு இருந்தீங்க."