வயிற்றுப்புண்ணுக்கு நாற்பத்தேழாம் நிறம்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். மருந்து சம்பந்தப்பட்ட விஷயம் வேறு. ஒரு வார்த்தை மாறினாலும் யாராவது எதையாவது குடித்துவிட்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். அவருக்கு வயிற்றில் புண். டாக்டரம்மா எட்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே மனிதர் செல்போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார்.

"இங்க பாரு! செடியில இருந்து சாறு எடுத்து அல்சரை ஆத்தலாமான்னு உலகம் பூரா ஆராய்ச்சி பண்றாங்க! அதிமதுரம், முட்டைக்கோஸ், எல்லாம் லிஸ்ட்ல இருக்கு!"

"பண்ணட்டும். நீங்க மாத்திரையைப் போடுங்க."

"மாத்திரையா? அதை நேத்தே நிறுத்திட்டேன். நானே கண்டுபிடிக்கப் போறேன்!"

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவருக்கோ கால் தரையிலேயே இல்லை. என் குக்கர், வடிகட்டி, ஊறுகாய் ஜாடி எல்லாம் ஒரே நாளில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டன. அதிமதுரத்தை மணிக்கணக்கில் கொதிக்கவைத்தார். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த, நிறத்துக்கு ஒரு நம்பர் போட்ட அட்டையைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நாற்பத்தாறுல நிக்குது. நாற்பத்தேழு வந்தாத்தான் மருந்து."

"வயித்துக்குள்ள போய் யாருங்க நிறம் பார்க்கப் போறாங்க?"

"உனக்குத் தெரியாது. நிறம் சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும். இருபத்திரண்டு வருஷ அனுபவம்!"

மறுநாள் அவருக்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாத்திரையை நிறுத்தினா ரத்தம் கசியும், ஓட்டைகூட விழலாம். அவருக்குப் பிரஷர் வேற இருக்கு. அதிமதுரம் அதை ஏத்திவிட்டுடும். ஆராய்ச்சி நடக்குறது உண்மைதாம்மா. ஆனா நிறைய இடத்துல மாத்திரையோட சேர்த்துத்தான் கொடுத்துப் பார்க்கிறாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, டாக்டரம்மாகிட்ட உங்க ஆராய்ச்சியைச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க? அசந்துட்டாங்களா?"

"தலையிலயே கை வச்சுட்டாங்க."

"பின்னே!"

"ஆனா சாறு குடிக்கிறவங்க மாத்திரையும் போட்டுக்கிட்டாத்தான் அதை ஆராய்ச்சின்னே ஒத்துக்குவாங்களாம். இல்லன்னா தள்ளிடுவாங்களாம்."

"அவ்வளவுதானே! கொண்டா மாத்திரையை!"

வேளை தவறாமல் விழுங்கினார். அலாரம்கூட வைத்துக்கொண்டார். அவர் கடைக்குக் கிளம்பியதும் நான் சாற்றைக் கொட்டிவிட்டு, வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றினேன். அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். அச்சு அசல் நாற்பத்தேழு!

சாயங்காலம் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் துள்ளினார். "இன்னிக்குத்தான் சரியா இறங்கியிருக்கு! உள்ளே போறதே தெரியுது!"

எட்டு வாரம் அவர் மருந்து குடித்தார். நான் பயத்தைக் குடித்தேன். ஒன்பதாம் வாரம் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "புண் சுத்தமா ஆறிடுச்சு" என்றார். ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் என் வீட்டுக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். எனக்கும் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

மறுநாள் பெயின்ட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பதினாலு பேர் நின்றார்கள். ஆளுக்கொரு காலி பாட்டில்.

"ஊத்து! எல்லாருக்கும் ஊத்து!" என்றார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "ஏங்க, பாட்டில்ல கொடுத்தா ரெண்டு நாள்ல கெட்டுடும். செய்முறையை எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுது! கீழே என் பேரைப் போட மறந்துடாதே!"

உள்ளே போய்ப் பதினாலு சீட்டு எழுதி, நாலாக மடித்தேன். "ரகசியச் செய்முறை! யாரும் இங்கே பிரிக்காதீங்க, வீட்டுக்குப் போய்ப் படிங்க" என்று அவரே நெஞ்சை நிமிர்த்தி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். பதினாலிலும் டாக்டரம்மாவின் விலாசமும், அவர் உட்காரும் நேரமும்தான் இருந்தன.