சிலிண்டர் அண்ணாத்தேயும் என் முதுகில் ஒன்பது குண்டும்

பெயின்ட்பால் துப்பாக்கிக்குக் கரியமில வாயு நல்லதா, அழுத்தி அடைத்த காற்று நல்லதா? இந்தக் கேள்விக்காக முதுகில் ஒன்பது முறை சுடப்பட்டவள் நான். வருடம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் பதில் தெரியவில்லை. பூந்தமல்லியில் தொடங்கி பெங்களூர் வரைக்கும் தேடினாலும் சிலிண்டர் அண்ணாத்தேயைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

என் மகள் நிலாவுக்குப் பத்தாவது பிறந்தநாள். மாங்காட்டில் எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு, நசரத்பேட்டையைத் தாண்டி இருக்கும் பெயின்ட்பால் மைதானத்துக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். சாய உருண்டைகளால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. மூன்று வாரம் நெட்டில் உட்கார்ந்து படித்தேன். கரியமில வாயுவுக்கு, அதாவது கேஸுக்கு, வெயில் ஆகாது. சூடு ஏறினால் உருண்டை வேகமாகப் பாயும், விடாமல் சுட்டால் குளிர்ந்து சோர்ந்துவிடும். காற்று எப்போதும் ஒரே சீராக இருக்கும், ஆனால் அதைக் கேஸைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். ஆக, கோபக்காரனோடு பிள்ளையை அனுப்புவதா, கோபத்தை அடக்கி வைத்திருப்பவனோடு அனுப்புவதா?

"ரெண்டுமே பாதுகாப்புதான்னு போட்டிருக்கே" என்றார் என் கணவர். போட்டவர்களுக்குப் பிள்ளை உண்டா என்று போடவில்லை.

மைதானத்தில் சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்பவர்தான் அண்ணாத்தே. ஐம்பது வயதிருக்கும். முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் தீயணைப்பு சிலிண்டர் நிரப்பிக்கொண்டிருந்தாராம். சொந்தப் பெயர் முதலாளிக்கே தெரியாது. கேஸ் சிலிண்டர்களை வேப்ப மரத்தடியில் ஈரச் சாக்கு போர்த்திப் படுக்க வைத்திருப்பார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிரப்பும்போது, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு எடை பார்ப்பவரைப் போல மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

முதலாளி போடாத சட்டம் ஒன்றை அவரே போட்டு வைத்திருந்தார்.

"யாரு பசங்கள இட்டுகினு வந்தது? நீயாம்மா? இருவது அடி தள்ளி, திரும்பி நில்லு."

"எதுக்குண்ணா?"

"உம் புள்ள மேல படப்போறது மொதல்ல உம் மேல படட்டும். கேஸ்ல ஒண்ணு, காத்துல ஒண்ணு. அப்பால எது வோணும்னு நீயே சொல்லு."

அப்பாக்கள் பெரும்பாலும் முதல் குண்டிலேயே 'காத்து' என்று கத்திவிட்டு காருக்குப் போய்விடுவார்களாம். எனக்கோ மனது குளிர்ந்துவிட்டது. மூன்று வாரத்தில் என் கேள்வியை மதித்த முதல் மனிதர். கவசமும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு நின்றேன். கேஸ் குண்டு வலது தோளில் பட்டது. காற்றுக் குண்டு இடுப்புக்கு மேலே.

"இது சரியா வராதுண்ணா. தோள்ல சதை கம்மி. ரெண்டும் ஒரே இடத்துல பட்டாத்தானே ஒப்பிட முடியும்?"

அண்ணாத்தே துப்பாக்கியைத் தாழ்த்தினார். பல வருடமாகத் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தவருக்கு எதிரே இன்னொருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

மூன்றாவதும் நாலாவதும் ஒரே இடத்தில் பட்டன. ஆனால் மூன்றாவது பட்டு ஏற்கெனவே வலியெடுத்த இடத்தில்தானே நாலாவது பட்டது என்று சந்தேகம் வந்தது. வரிசையை மாற்றி இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டேன். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. முதலில் சுட்ட கேஸ் காலைக் கேஸ், இப்போதிருப்பது சூடான கேஸ். அதைச் சொன்னதும் அவர் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார். "கரெக்டாதாம்மா சொல்ற. மொதல்லேந்து வா."

முதலில் வீடியோ எடுத்த கணவர் ஆறாவது குண்டோடு காருக்குள் போய்விட்டார். பிள்ளைகள் ஏழு வரைக்கும் கோரஸாக எண்ணிவிட்டு, அப்புறம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பதாவது முடிந்தபோது நிலா பக்கத்தில் வந்து நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அம்மா, பதினோரு மணியோட நம்ம நேரம் முடியுது."

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஹெல்மெட் கண்ணாடி உள்ளே ஆவி படிந்திருந்தது. அழுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாசலில் ஒரு வேன் வந்து நின்று, ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட ஆபீஸ் கூட்டம் இறங்கியது. அடுத்த நேரம் அவர்களுடையது. நான் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன்.

"என்னால முடிவு பண்ண முடியலண்ணா. எம் பொண்ணு பிறந்தநாள நானே கெடுத்துட்டேன்."

அவர் கிடுகிடுவென்று துப்பாக்கிகளில் சிலிண்டரை மாட்டி, பிள்ளைகளை வலை கட்டிய களத்துக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகு நேராக வேனுக்குப் போனார்.

"யாரு இட்டுகினு வந்தது? மேனேஜரா? திரும்பி நில்லு சார்."

மேனேஜர் மறுத்தார். "இன்னா சார், உங்கீழ வேல செய்றவங்கள சுடப்போற. நீ ஒண்ணு வாங்கிக்க மாட்டியா?"

அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மேனேஜரைத் திருப்பி நிறுத்தினார்கள். முதல் இரண்டு குண்டு முடிந்ததும் அண்ணாத்தே முகத்தைச் சுளித்தார். தோளில் சதை கம்மி, ஒரே இடத்தில் பட வேண்டும் என்றார். வலித்த இடத்தில் பட்டது கணக்கில் சேராது என்றார். வெயில் ஏறிவிட்டது, முதலிலிருந்து வரவேண்டும் என்றார். என் சந்தேகங்களில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. 'நான் சுடறேன்' என்று ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேரம் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, களத்தில் இருந்த பிள்ளைகளை வெளியே வரச் சொல்லவும் இல்லை.

நிலா ஹெல்மெட் முதல் செருப்பு வரை நீலமாக வெளியே வந்தாள். "வலிக்கவே இல்லம்மா. இல்ல, கொஞ்சம் வலிச்சுது. மறுபடி வரலாமா?"

எதை மாட்டினீர்கள் என்று அண்ணாத்தேயிடம் கேட்க ஓடினேன். அதற்குள் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்குக்கு அடியில் தள்ளியிருந்தார்.

"சொல்ல மாட்டேம்மா. சொன்னா ஊட்டுக்குப் போயி, இன்னொண்ண மாட்டியிருக்கலாமோன்னு ரோசன பண்ணுவ."

அடுத்த மாதம் நிலாவுக்குப் பதினொன்று. இந்த முறை வீட்டிலேயே மதியச் சாப்பாடு. அண்ணாத்தேயையும் சாப்பிட வரச் சொல்லி போனில் அழைத்தேன். "எம்மாம் பர்த்டே பாத்துகீறேன். உள்ள வந்து குந்துன்னு ஒருத்தரும் கூப்ட்டதில்லம்மா" என்றார்.

இப்போது அவரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் என் கவலை. தன் பக்கத்தில், பிள்ளைகள் வரிசையில்தான் இலை போட வேண்டும் என்கிறாள் நிலா. பெரியவர்களோடு உட்கார வைப்பதுதான் மரியாதை என்கிறார் கணவர். பிள்ளைகளோடு வைத்தால் குறைவாக நினைப்பாரோ? பெரியவர்களோடு வைத்தால், அவர்களுடைய ஆபீஸ் பேச்சுக்கு நடுவில் வாயே திறக்காமல் சாப்பிட்டுப் போய்விடுவாரோ? உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சீக்கிரம் எழுதுங்கள். அவர் அன்றைக்கு இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும்.