அரசாங்கம் ஏற வேண்டாத மரம்

பெருமதிப்பிற்குரிய தீயணைப்பு நிலைய அதிகாரி அவர்களுக்கு,

நகர்மன்ற உறுப்பினரும் தங்கள் அக்காவின் கணவருமான நான், என் வீட்டு மரத்தின் மேலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் அக்கா நலம். இந்தக் கடிதத்தை வாங்கக் கீழே வாளியோடு நிற்கிறாள். வாளியில் கட்டிய கயிற்றின் மறுநுனி என் கையில் இருக்கிறது. இன்று மாலைக் கூட்டத்தில் பேச வேண்டிய உரை சட்டைப் பையில் இருந்ததால் அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். மரம் ஆடுகிறது.

சற்று முன் தங்கள் நிலையத்திலிருந்து போன் செய்து, வண்டியை அனுப்பலாமா, வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தருவாரா என்று கேட்டதாக அக்கா கத்தினாள். கேட்டது சரியே. வீட்டுக்காரர் எழுதிக் கேட்டாலொழிய அரசாங்க வண்டி எதுவும் சுற்றுச்சுவரைத் தாண்டக் கூடாது என்ற விதியைத் தொண்டை வறளப் பேசிக் கொண்டுவந்தவனே நான்தான். எனவே என் எழுத்துப்பூர்வமான பதில்: வரக் கூடாது. அரசாங்கம் சிறிதாக இருக்க வேண்டும், குடிமகன் பெரிதாக இருக்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்கிவிட்டு, நாளைக்கு ஓட்டுக் கேட்டுப் போகிறவன் இன்றைக்கு மச்சினன் வண்டியில் இறங்கினான் என்றால் ஊர் வழித்துக்கொண்டு சிரிக்கும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அடித்த காற்றில் மரம் பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்ந்தது. அங்கே இருப்பவர் தையற்கார அம்மாள். நான் நிற்கிற தேர்தலில் எல்லாம் எனக்கு எதிராகவே ஓட்டுப் போடுவதாக வாய்விட்டுச் சொல்பவர் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். மரத்தை வெட்டச் சொல்லி நகர்மன்றத்துக்கு அவர் நடையாய் நடந்தார். தனியார் மரத்தில் பொதுப் பணம் ஏறக் கூடாது, மரக்காரனே வெட்டுவான் என்று நான் எழுந்து சொன்னேன். சொன்ன வாக்கைக் காப்பாற்ற இன்று காலை ஏணி போட்டு, ரம்பத்தோடு நானே ஏறினேன். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று அக்கா கேட்டதை நான் காதில் வாங்கவில்லை. பாரத்தைக் குறைப்பதே என் கொள்கை என்பது தங்களுக்குத் தெரியும். கைக்கு எட்டிய பெரிய கிளையை அறுத்தேன். எந்தப் பக்கத்துப் பாரம் என்று பார்க்கவில்லை. நம் வீட்டுப் பக்கம் மரத்தை இழுத்துப் பிடித்திருந்ததே அந்தக் கிளைதான் போலிருக்கிறது. அது விழும்போது ஏணியையும் தள்ளிக்கொண்டு போய்விட்டது, மரமோ எதிர்க்கட்சியின் கூரைமேல் இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது.

இறங்க வழியில்லை. நான் அசைந்தால் மரம் அசைகிறது. தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். என் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கீழே நின்று, தலைவர் குனியமாட்டார் என்கிறார்கள். குனிந்தால் விழுந்துவிடுவேன் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அக்கா மட்டும் மரத்தடியை விட்டு நகராமல், "ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு எறங்கி வாங்க, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உண்மையான தலைவலி அந்தத் தையற்கார அம்மாள். மரம் விழுந்தால் நேரே அவர் தலையில்தான். வெளியே வாருங்கள் என்று மேலிருந்து கெஞ்சினேன். அவர் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார், சத்தம் எனக்குக் கேட்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "குடிமகன் வீட்டுக்குள்ள வந்து இதச் செய், அதச் செய்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லன்னு மைக் போட்டுச் சொன்னது நீங்கதானே? நீங்க வண்டியக் கூப்பிடுங்க, நான் கதவத் திறக்கறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என் பேச்சை இவ்வளவு கவனமாக என் கட்சிக்காரன் ஒருவன்கூடக் கேட்டதில்லை. கோபம்தான் வந்தது. மாப்பிள்ளை, அந்த அம்மாவுக்கு என்ன பிடிவாதம் பார்த்தாயா? மன்னிக்கவும், பார்த்தீர்களா?

ஆகவே என் முடிவில் மாற்றமில்லை. காற்று நிற்கும், மரம் நிற்கும், நானும் எப்படியாவது இறங்குவேன். தாங்களும் தங்கள் குடும்பமும் நிலையத்தாரும் எந்தத் தீயும் அண்டாமல் நீடூழி வாழ வாழ்த்தி, என் வாசலைத் தாண்ட வேண்டாம் என்று மீண்டும் கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நகர்மன்ற உறுப்பினர்

பி.கு.: மாப்பிள்ளை, மேலே இருப்பது அதிகாரிக்கு. இது உனக்கு. கையெழுத்துப் போடும்போதே மரம் அடியில் மடமடவென்றது. ஓடுகள் சரிந்து உள்ளே விழுந்தன. மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மாவைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து "இருக்கேன்" என்றார், குரலே சரியில்லை. வீட்டுக்காரனாகிய நான் எழுத்தில் கேட்கிறேன், வா. சுவரை இடிக்க வேண்டுமானால் இடித்துக்கொண்டு வா. முதலில் அவர் கதவை உடை, அப்புறம் என்னைப் பார். உனக்கு வேறு எங்கிருந்தாவது அழைப்பு வந்திருந்தால் அங்கேயும் ஒரு குடிமகன் காத்திருப்பான், நியாயப்படி அவனை முடித்துவிட்டுத்தான் நீ இங்கே வரவேண்டும். வேண்டாம், முதலில் இங்கே வா. எழுத வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.