இருமிக் காட்டினால்தான் மருந்து

கறம்பக்குடி வட்டாரத்தில் 'இருமுங்க' அண்ணன் காதுக்குத் தப்பிய இருமலே கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். போர்டில் வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை.

"இருமல் மருந்து ஒண்ணு குடுங்க" என்றால் பாட்டிலைத் தொட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "இருமுங்க" என்பார். நட்டநடு ரோட்டில் நின்று இருமிக் காட்ட வேண்டும். கச்சேரி கேட்பவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சளி இருமல் என்றால் இருமலை அடக்கும் மருந்து கிடையாது. "சளி வெளிய வரணும்னு முட்டுது, நீங்க கதவச் சாத்தச் சொல்றீங்களே! டாக்டரப் பாருங்க."

ஒருவர் மனைவிக்கு மருந்து கேட்டு வந்து, அந்த அம்மாள் மாதிரியே இருமிக் காட்டினார். "இது ஒங்க நடிப்பு. எனக்கு அவங்க இருமல் வேணும்" என்றார் அண்ணன். வீட்டிலிருந்து அந்த அம்மாள் போனில் இரும, ஸ்பீக்கர் வழியாக எதிர் டீக்கடையே கேட்டது. லாரி டிரைவர் ஒருவரிடம், "இதக் குடிச்சா தூக்கம் வரும். சாவியக் குடுத்துட்டு மருந்த வாங்கிக்கங்க" என்று கையை நீட்டினார். டிரைவர் இருமிக்கொண்டே போய்விட்டார்.

நான் அந்த ஊரில் ஒரு ஆபீஸில் கிளார்க்காக இருந்தபோது, எனக்கு இரண்டு மாதம் விடாத வறட்டு இருமல். ரோட்டில் இருமக் கூச்சப்பட்டு, வேறு கடையில் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குடித்தேன். இருமல் போகவில்லை, ஃபைல் மேல் தூக்கம்தான் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க அரிமளத்திலிருந்து வருவதாக இருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு டி.பி. என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும்! வேறு வழியில்லாமல் அண்ணனிடமே போய் இருமினேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "பிரஷர் மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ரெண்டரை மாசம் இருக்கும்ணே."

"அதான். சில பேருக்கு சில மாத்திரை இப்புடிப் பண்ணும். நீங்களா நிறுத்திப்புடாதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க."

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார், நெஞ்சு சுத்தம். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, இருமல் அடங்கச் சில வாரம் ஆகும் என்றார். அண்ணனிடமே புது மாத்திரை வாங்கி, விவரமும் சொன்னேன். இருமல் அடங்குவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

மகள் காபித் தட்டோடு வரும் நேரம் பார்த்து எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். அப்போது தெருவில் போன அண்ணன் என் இருமல் கேட்டு, அழைக்காமலே வாசலில் வந்து நின்றார்.

"பயப்படாதீங்க. இது ஒட்டுற இருமல் இல்ல, மாத்திரை இருமல். டாக்டரே பாத்துட்டாரு."

மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வந்தது இருமல். அண்ணன் கண்ணை மூடினார்.

"இன்னொரு தடவ இருமுங்க."

இருமினார்.

"ஒங்களுக்கும் பிரஷர் மாத்திரைதானே?"

"ஆமாங்க" என்றார் அவர், பிடிபட்டவர் போல. "மூணு மாசமா போற எடத்துல எல்லாம் அடக்கிக்கிட்டே இருக்கேன்."

மகளுக்குச் சிரிப்பு தாங்காமல் காபி தளும்பியது. மாப்பிள்ளை எழுந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கேயே தேதி குறித்தோம்.

கல்யாணத்துக்கு அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முதல் பந்தியில் அவர் இலைக்கு மட்டும் நானே பரிமாறினேன். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.