சோறாக்குறவளின் பங்கு

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் வூட்டுக்காரர் அருள்பிரகாசம் ஒரு சட்டம் போட்டார். "இனிமே அவன் அவன் சம்பாரிச்சது அவன் அவனுக்கு. பேரும் அப்படித்தான்."

குடும்பத்துக்கு இல்லை, ஆட்டத்துக்கு. ஹார்பரில் இவரோடு வேலை பார்க்கும் ஜெரி அண்ணனுக்கு ஒரு கப்பல்காரர் கொடுத்துவிட்டுப் போன கதை ஆட்டம். ஞாயிறானால் எங்கள் வூட்டில் உட்கார்ந்து ஜெரி அண்ணன் கதை சொல்வார். இவரும் இவர் கூட்டாளி பாஸ்கர் அண்ணனும் கடல் கொள்ளைக்காரர்கள். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுக் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். கிடைக்கிற பொன் எல்லாருக்கும் சமம். ஒருத்தர் தப்பு செய்தால் மொத்தக் கூட்டத்துக்கும் கெட்ட பேர்.

அதற்கு முந்தின ஆட்டத்தில் பாஸ்கர் அண்ணன் ஒரு குப்பத்தில் கருவாட்டைத் திருடிவிட்டார். அதிலிருந்து சண்டை.

"நீ கருவாடு துன்னா எனக்கு எதுக்குடா கெட்ட பேரு?"

"உதை வாங்குனது நானு. நீ தலைவன்னு சொல்லிகினு குந்தினு இருந்த. போ மாமு, இனிமே நான் வரல." பாஸ்கர் அண்ணன் செருப்பைத் தேடினார்.

இந்த ஆட்டம் வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவரைப் பிராந்திக் கடையில்தான் தேட வேண்டும். ஆட்டம் நின்றால் மறுபடி அங்கேதான்.

நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை எனக்கு. பாப்பாவை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "நானும் ஆடட்டுங்களா? படகுல சோறாக்குறேன்" என்றேன்.

"வா தங்கச்சி" என்றார் ஜெரி அண்ணன்.

"எங்க அப்பா படகுல சோறாக்குறவருக்கும் ஒரு பங்கு உண்டுங்க."

"அது உங்க முகத்துவாரக்குப்பத்துல" என்றார் இவர். "இங்க சண்ட போடுறவனுக்குத்தான்."

"சரிங்க."

பாஸ்கர் அண்ணன் மாட்டின செருப்போடு நின்றபடியே பகடை உருட்ட, ஒரு கப்பலை மடக்கினார்கள். பெரிய எண் விழுந்தது இவருக்குத்தான்; பொன்னெல்லாம் இவர் பெட்டிக்குள். அப்புறம் காற்றே இல்லை, படகு நடுக்கடலில் நின்றுவிட்டது, எல்லாருக்கும் பசி என்று ஜெரி அண்ணன் கதை சொன்னார்.

"ஃப்ளோரா, சோறு போடு."

"நான் ஆக்குனதுங்க. எனக்குத்தான்."

"இன்னாமே, புருசனுக்கேவா?"

"சட்டம் நீங்க போட்டதுங்க."

பாஸ்கர் அண்ணனுக்குச் சும்மா போட்டேன். இவரிடம் ஒரு வேளைக்கு ஒரு கை பொன். கரை வருவதற்குள் பெட்டி என்னிடம். அதில் கொஞ்சம் எடுத்து, கருவாடு திருடுபோன அந்தக் குப்பத்துக்கு அதன் விலையைக் கொடுத்தேன்.

"உள்ள வா தாயி" என்றார் ஜெரி அண்ணன், குப்பத்துப் பெரியவர் குரலில். அப்புறம் என் வூட்டுக்காரரைக் காட்டி, "இவரு யாரு?"

"தெரியலீங்க. எங்க பேரெல்லாம் தனித்தனி."

கையில் பொன்னும் இல்லாமல், குப்பத்துக்குள்ளும் விடாமல், இவர் பகடையைக் கீழே வைத்தார். "பழைய சட்டமே இருக்கட்டும்பா. எல்லாருக்கும் பொது."

பாஸ்கர் அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாமே பொதுங்களா?"

"எல்லாமேதான்மா."

காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்த பாப்பாவின் துணி வாளியைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தேன்.