கருவிக்குத்தான் காய்ச்சல்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டரை உதறி உதறி மறுபடி வைத்துப் பார்க்கும் இனம். பெட்ரோல் முள் சிவப்புக்குப் போனால் கண்ணாடியை விரலால் தட்டும். எடை மெஷினில் ஏறி, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, செல்போனைப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை ஏறி, கடைசியில் தரை சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லும். இவர்களுக்கு நோயே வராது. கருவிக்குத்தான் வரும்.

அடையாளம் காண்பது சுலபம். இவர்கள் உலகத்தில் எதுவும் 'இருக்காது', 'காட்டும்'. சர்க்கரை ஜாஸ்தியா காட்டுது, பிரஷர் ஒரு மாதிரி காட்டுது என்பார்கள். தொப்பலாக நனைந்து வந்து நின்றுகொண்டு, மழை வர்ற மாதிரி காட்டுது என்றுகூடச் சொல்வார்கள்.

இந்த இனத்தில் நான் பார்த்தவர்களிலேயே தேர்ந்தவர் எங்கள் தெருக் கொளஞ்சியப்பன். காடாம்புலியூர்க்காரர். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் ஒரு துணைமின் நிலையம், பெயர் வேண்டாம், அதற்கு மேலதிகாரி. முந்திரிக் காலத்தில் தெருவுக்கே பருப்புக் கொடுப்பார், வாய் நிறைய விசாரிப்பார். கெட்டவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கெட்டவர்களால் இவ்வளவு ஆபத்து வராது.

அந்த நிலையத்தில் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர். வயிறு நிறைய எண்ணெய். உள்ளே எங்காவது சூடேறினாலோ பொறி பறந்தாலோ எண்ணெய் கெட்டு வாயு கிளம்பும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால் புதிதாக ஒரு கருவி வாங்கி மாட்டினார்கள். எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவைப் பிரித்தெடுத்து, அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, எந்த வாயு எவ்வளவு என்று அது சொல்லிவிடும். மாப்பிள்ளை எங்கே போய்விட்டு வந்தார் என்பதை வாயை மோந்து பார்த்துக் கண்டுபிடிப்பது போலத்தான். அதிலும் அசிட்டிலீன் வாசனை வந்தால் விஷயம் முற்றிவிட்டது, உள்ளே பொறி பறக்கிறது என்று அர்த்தம். திறப்பு விழாவில் கொளஞ்சியப்பன் கருவிக்கு மாலை போட்டு, இனிமேல் நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பேசினார். தாம் மட்டும் தூங்கப்போவதை அவர் அப்போதே சொல்லிவிட்டார், நமக்குத்தான் புரியவில்லை.

ஒரு நாள் கருவி மணி அடித்தது. அசிட்டிலீன்.

உதவிப் பொறியாளர் வினோதினி ஓடி வந்து சொன்னாள். கொளஞ்சியப்பன் நிதானமாக வந்து முதலில் பெட்டியைத் தட்டினார். பிறகு கடல் காத்து, உப்பு என்றார். பல்லி புகுந்திருக்கும் என்றார். வெளிநாட்டுக் கருவிக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார். வினோதினி விடாமல் எண்ணெயைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். அவர்களும் அதையே சொன்னார்கள். உடனே சந்தேகம் பாட்டில் மேல் போனது. கழுவாத பாட்டிலாக இருக்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்பார்மரை நிறுத்தித் திறந்து பார்த்துவிடலாம், அரை நாள் கரண்ட் இருக்காது, அதற்குள் வேறு வழியில் கொண்டுவந்துவிடலாம் என்று அவள் சொன்னதும்தான் மனிதருக்கு முகம் மாறியது. ஏன் தெரியுமா? அந்த ஞாயிறுதான் அவர் மகள் அனுப்பிரியாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மண்டபத்துக்குக் கரண்ட் போவது இதே டிரான்ஸ்பார்மரிலிருந்து.

"கரண்ட் ஆபீசர் வூட்டுக் கல்யாணத்துல கரண்ட் இல்லன்னா சம்பந்தி வூட்டுல என்னம்மா நினைப்பாங்க? திங்கக்கிழம பாத்துக்கலாம்."

"அது வரைக்கும் தாங்கணுமே சார். ஏறிக்கிட்டே இருக்கு."

"ஏறுற மாதிரி காட்டுதும்மா. இருக்குன்னு யாரு சொன்னா?"

கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவன் லூர்து பிரகாஷ். அவன் நாற்காலிக்கு எதிர் ஜன்னலைத் திறந்தால் நேரே அந்த டிரான்ஸ்பார்மர். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத்தான் டூட்டி. பேச்சு நடக்கும்போதே நாற்காலியை மெல்ல ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சார், அது வெடிச்சா மொதல்ல நாந்தான் சார்."

கொளஞ்சியப்பன் அவன் தோளில் அன்பாகத் தட்டிக்கொடுத்து, கல்யாணத்துக்கு வர முடியாவிட்டால் என்ன, சாப்பாடு கேரியரில் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தார். அப்புறம் ஒரு காரியம் செய்தார் பாருங்கள். வாயு எந்த அளவைத் தாண்டினால் கருவி மணி அடிக்க வேண்டும் என்று ஒன்று குறித்திருக்கும் இல்லையா? கருவிக் கம்பெனிக்குப் போன் போட்டு, அதை மாற்றுவது எப்படி என்று கேட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தம் கையாலேயே அந்த அளவைக் கூட்டி வைத்தார். மணி நின்றது. அறையே அமைதியானது. மனிதருக்கு அப்போது வந்த நிம்மதி, பெண்ணுக்கு வரன் அமைந்தபோதுகூட வரவில்லை.

"பாத்தியா, சரியாப் போச்சி," என்றார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். தாலி ஏறி, பந்தி ஆரம்பித்து, என் இலைக்குப் பாயசம் இரண்டு ஆள் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. மேடையில் பட்டுச் சட்டையில் நின்ற கொளஞ்சியப்பனுக்குப் போன். வினோதினிதான். கல்யாணத்துக்கு வராமல் நிலையத்தில் லூர்து பிரகாஷுடன் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மணியைத்தான் அடக்க முடியும். திரையில் தெரியும் எண்ணை அடக்க முடியாதே. அது மளமளவென்று ஏறுகிறது, நிறுத்தப் போகிறேன் என்கிறாள். இவர் சிரித்த முகம் மாறாமல், போட்டோ எடுக்கிறார்களே, இன்னும் ரெண்டு பந்தி போகட்டும் என்று கெஞ்சினார்.

மின்விசிறிகள் நின்றன. ஏ.சி. நின்றது. மைக் செத்தது. ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்திருப்பதற்குள் மணப்பெண்ணின் மேக்கப் கழுத்துக்கு இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டால் விசிறிக்கொண்டே, கரண்ட் ஆபீசர் வீட்டுச் சம்பந்தம் என்றுதானே சொன்னீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். பாவம், கொளஞ்சியப்பன் அன்று சாப்பிடவே இல்லை. எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. பாயசமும் வரவில்லை.

அந்த வாரமே எண்ணெயை வடித்துவிட்டு டிரான்ஸ்பார்மரைத் திறந்தார்கள். உள்ளே ஒரு செம்பு இணைப்பு பாதி உருகி, கரிக்கட்டையாக இருந்தது. தயாரித்த கம்பெனியிலிருந்து வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, நிறுத்தாமல் விட்டிருந்தால் இது அன்று சாயங்காலம் வரை தாங்கியிருக்காது, தொட்டி வெடித்து எண்ணெய் தீப்பிடித்திருக்கும் என்றார். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே, எதிர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். லூர்து பிரகாஷ் சிலுவை போட்டுக்கொண்டான்.

எல்லோரும் கொளஞ்சியப்பன் முகத்தையே பார்த்தார்கள். அவர் அந்தச் செம்பை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். விரலெல்லாம் கரி. வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் கருப்பாத்தான் காட்டுது," என்றார்.

பிறகு உட்கார்ந்து வினோதினிக்கு ஒரு மெமோ எழுதினார். முன் அனுமதி இல்லாமல் மின்சாரத்தை நிறுத்தியது ஏன்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் உங்கள் வீட்டில் பிரஷர் பார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? முதல் தடவை வந்த எண்ணைப் பார்த்து, இப்போதுதானே மாடி ஏறி வந்தேன் என்றீர்கள். இரண்டாம் தடவைக்கு, பட்டை சரியாகச் சுற்றவில்லை என்றீர்கள். அப்புறம் தண்ணீர் குடித்து, மூச்சை இழுத்து விட்டு, நல்ல எண் வருகிற வரைக்கும் அளந்து, அதை மட்டும் டாக்டரிடம் சொன்னீர்கள். கருவியைப் பீரோ மேல் வைத்தாயிற்று. மணி நின்றது, வீடே அமைதி.

நல்லது, அப்படியே இருங்கள். ஒரே ஒரு விஷயம்: சாப்பிடும்போது உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து, உங்கள் தட்டில் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே உங்கள் மனைவி, அவர் தம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.